மதமும் வாதமும்

'மதம்' என்னும் சொல்லை இக்காலத்தில் நாம் சமயம் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றோம். நன்னூல் பயிலும் மாணவர் அச்சொற்குக் கொள்கை என்னும் பொருளும் உண்டென்பதை அறிவர். பவணந்தி முனிவர் நூலாசிரியர்க்குரிய மதங்களை ஏழென எண்ணி, பிறர் கொள்கைக்கு உடன்படுதலை முதலாவதாகவும், மறுத்தலை இரண்டாவதாகவும், பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலை மூன்றாவதாகவும் வைத்தார். ஒரு கொள்கையைக் களையப் புகுவோன் அதனை முன்னர்த் தன் கையில் ஏந்திப் பார்த்திருத்தல் வேண்டும் என்னும் குறிப்பு இம்மூன்றாவதில் அமைந்திருத்தலை நோக்குக.

கடவுள் உண்டென்று ஒருவர் உறுதியாகக் கொள்கின்றார். இல்லையென்று மற்றொருவர் அவ்வளவு உறுதியாகவே கொள்கின்றார். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் கற்பவர்; அறிவிலும் ஒழுக்கத்திலும் ஒருவர்க்கொருவர் தாழ்ந்தவரல்லர். அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றிற்று? வாதத்தால் அது தீருமோ? தீராதெனின், வாதித்தலாற் பயன் யாது? கிறிஸ்தவக் குடியிற் பிறந்து தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இவ்வினாக்கள் விடுதியிலும் உணவுச்சாலையிலும் அடிக்கடி எதிர்ப்படுவன. இவற்றிற்கு விடை காண்பதில் நம் தமிழ்ச் சமய நூல்கள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அளவைகள்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் 30 காதைகள் உள்ளன. அவற்றுள் 27-ஆவது, சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை என்பது. மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஆண்வடிவில் தவக்கோலம் பூண்டு, அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பதின்மரைக் கண்டு, அவரவர் கொள்கையை வினவுகின்றாள். அப்பதின்மருள் முதற்கண் நிற்பவன் அளவைவாதி என்பது கருதத்தக்கது. ஒரு பொருள் உண்டு அல்லது இல்லை என்று கூறுமுன், அதனை அறிதற்குரிய வாயில் யாதென்று தெளிதல் வேண்டுமன்றோ? அவ்வாயில்களையே நம் முன்னோர் அளவை என்றனர். வியாதர் அவற்றைப் பத்தென்றும், கிருதகோடி எட்டென்றும், சைமினி ஆறென்றும் வகுத்ததாக அக்காதை கூறும். அவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன மூன்று. கண் முதலிய பொறிகளால் அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிவது உரை. அடுப்பில் எரியுந் தீயைக் காட்சியால் அறிகின்றோம். மலைமேற் புகையைக் கண்டு ஆங்குத் தீ உண்டென்பதைக் கருதலால் அறிகின்றோம். இமயத்திற் பனி உண்டென்பதை, ஆங்குச் சென்றிராத நாம், உரையால் அறிகின்றோம்.

இவ்வளவைகளை எல்லாரும் ஒருங்கே ஒப்புக்கொண்டாரல்லர். பூதவாதி காட்சி ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு கருதலைத் தள்ளுகின்றான். 29-ஆவது காதையில், காஞ்சி நகரத்தே மணிமேகலைக்கு அறங்கூறும் அறவணவடிகள் காட்சியும் கருதலுமாகிய இரண்டே அளவையென்கின்றார். வேதவழியினர் உரையையும் உடன்சேர்க்கின்றனர். ஆகவே, முடிபில் மாறுபடுவோர் பெரும்பாலும் அளவையிலேயே முன்னர் மாறுபட்டு நிற்கின்றனர் என்பது பெறப்படும். ஒருவன் மரக்காலும் மற்றொருவன் துலாக்கோலும் கொண்டு ஒரே நெற்குவியலை அளந்து, 'நின் கணக்குப் பொய்' என்று பூசலிடுதல் போன்றதே அளவையைத் தெளியாது நிகழும் சமயவாதம்.

பூதவாதிக்கும் மணிமேகலைக்கும் நிகழ்ந்த உரையாடல் மிகச் சுருங்கியது, ஆயினும் ஆழமுடையது. முற்பிறப்பை அறிந்தாரைப்பற்றி அவள் பேச, அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருத்தல் கூடுமென்று அவன் தள்ளிவிடுகின்றான். அங்ஙனமாயின் நின் தாய் தந்தையரைக் கருதலாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று அவள் வினவுகின்றாள். தான் பிறந்ததைத் தானே கண்டவர் உலகில் எவருமிலர். தாயென்று நாம் அழைப்பவர் தாயே என்பதைப் பிறர் உரையாலும், அவர்தம் அன்பைக் கொண்டு செய்யும் கருதலாலுமே தெளிகின்றோம். உரையை நம்புதல் அறிவின்மை என்று கூறுவோர் ஒரு நாளேனும் அக்கூற்றின்படி வாழ்தல் அரிது.

ஆயினும் இவ்வினாவால் நிலைநாட்டப்பட்டது எவ்வளவு என்பதையும் நாம் அளந்தறிதல் வேண்டும். காட்சி ஒன்றே போதாதென்பது மட்டுமே அதனாற் பெறப்பட்டது. முற்பிறப்பு உண்டென்பது பெறப்படவில்லை. மறுபிறப்புக் கொள்கையில்லாத கிறிஸ்தவ மாணவர் இதனை எளிதிற் காண்பர். பிறர் வாதத்தில் எளிதாகக் காணும் இவ்விடைவெளியை நம் வாதத்திலும் காணக் கற்றல் வேண்டும். உலகத்தின் தோற்றத்தை இயற்கைநூற் புலவர் முற்றும் விளக்கவில்லை என்று காட்டிய அளவிலே திரித்துவ உபதேசம் நிலைபெற்றுவிடாது. எதிரியின் தடையை நீக்குதல் வேறு. தன் பொருளை நாட்டுதல் வேறு.

பிறப்பும் நம்பிக்கையும்

'நீ கிறிஸ்தவன் வீட்டிற் பிறந்தாய். ஆதலாற் கிறிஸ்தவனாயினாய்' என்பது நம்மை நோக்கி அடிக்கடி கூறப்படும் தடை. பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கிலப் பேரறிஞர், தாம் கிறிஸ்தவராகாமைக்குக் காரணங் கூறி 1927-ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவிலும் இக்கருத்தை வற்புறுத்தினார். மக்களிற் பெரும்பாலார் கடவுளை நம்புவது நியாயங்களால் அன்று, இளமைதொட்டுக் கற்பிக்கப்பட்டமையாலேயே என்பது அவர் கூற்று. இதன்கண் உண்மை பெரிதும் உண்டு. தாயின் மடியிலே கேட்ட செபமும், ஓய்வுநாட் பள்ளியிலே பாடிய ஞானப்பாட்டும் எம்மை ஆக்கின என்பதை மறுத்தற்கில்லை.

ஆயின், இத்தடை இருமுனைக் கத்தி போன்றது. ரஸ்ஸல் தாம் 18-ஆம் பிராயத்தில் ஆதிகாரண நியாயத்தைக் கைவிட்ட வரலாற்றை அச்சொற்பொழிவிலேயே கூறுகின்றார். ஜான் ஸ்டூவர்ட் மில் என்பாரது சுயசரிதையை அவர் படித்தார். 'என்னைப் படைத்தவர் யார் என்னும் வினாவிற்கு விடையில்லை. விடை கூறின் கடவுளைப் படைத்தவர் யார் என்னும் வினா எழும்' என்னுங் கருத்தைத் தம் தந்தையார் தமக்குக் கற்பித்ததாக மில் அதில் எழுதியிருந்தார். 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், மில் சமயநம்பிக்கை யாதுமின்றியே தந்தையாரால் வளர்க்கப்பட்டவர் என்பதையும் தெரிவிக்கின்றது. எனவே நம்பிக்கை தாய்வழி வருதல் போல நம்பாமையும் தந்தைவழி வருதல் உண்டு. ஒரு கொள்கை நமக்கு எவ்வழி வந்தது என்பது ஒரு வினா. அது மெய்யோ பொய்யோ என்பது பிறிதொரு வினா. தீ சுடும் என்பதையும் நாம் தாய் சொல்லியே முதலிற் கற்றோம். அதுபற்றி அது பொய்யாகிவிடவில்லை.

எனினும் இவ்விடையோடு நாம் அமைதல் தகாது. வழிவழி வந்த பொருளை ஆராயும் கடமை, பெற்றவனுக்கு உண்டு. பெரோயா பட்டணத்தார் பவுலின் உபதேசத்தை மனவிருப்பத்தோடு கேட்டும், அது மெய்தானோ என்று வேதவாக்கியங்களைத் தினந்தோறும் ஆராய்ந்தனர். அதன்பொருட்டு அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் புகழ்கின்றது. ஐயுற்ற தோமாவை ஆண்டவர் தள்ளிவிட்டாரல்லர், காயங்களைக் காட்டினார். ஆராய்ச்சி விசுவாசத்திற்குப் பகையென்று கருதுவோர் இவ்விரண்டனையும் சிந்திப்பாராக.

நம்பாமையின் காரணங்கள்

நம்பாதாரை ஒழுக்கக்கேடர் என்று இகழ்வது நம்மிற் சிலர்க்கு எளிதாயிருக்கின்றது. அவ்விகழ்ச்சி பொருந்தாது. காட்சிக்கு எட்டாததை ஒப்ப மனம் இசையாமை ஒரு காரணம். நல்லார் துன்புறுதலைக் கண்டு, நீதியுள்ள கடவுள் இதனைப் பொறுப்பாரோ என்று நெஞ்சு வெதும்புதல் மற்றொரு காரணம். யோபுவின் நண்பர்கள் அவன் துன்பத்திற்கு ஏற்ற நியாயங்களை நிரல்பட எடுத்துரைத்தனர். இறுதியிற் கடவுளால் கடிந்துகொள்ளப்பட்டவர் அந்நண்பர்களே. துன்புறுவோனிடம் தருக்கம் பேசுதல் விடையாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மூன்றாவது காரணம், சமயத்தார் நடக்கையே. 1882 முதல் 1888 வரை சென்னையில் நடைபெற்ற தத்துவவிவேசினியும், 1925-ஆம் ஆண்டில் ஈரோட்டிலிருந்து தோன்றிய குடி அரசும் நம்பாமைக் கொள்கையைத் தமிழிற் பரப்பின. குடி அரசின் பெருஞ்சினம் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தலை நோக்கியது. 1939-ஆம் ஆண்டு வரையில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் தாழ்த்தப்பட்டோர்க்கும் சாணார் எனப்பட்டோர்க்கும் அடைத்த வாயிலாகவே இருந்தது. கிறிஸ்தவர் இதனைக் கேட்டு மகிழ்தற்கு இடமில்லை. நம் திருச்சபைகளிலும் சாதிவாரியாக இருக்கைகள் வகுக்கப்பட்டிருந்தன. கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன் அவ்வேறுபாடு ஒழிக்கப்படல் வேண்டுமென்று 1833-ஆம் ஆண்டில் எழுத, தென்னாட்டுச் சபைகள் சிலவற்றிற் பெருங் கலகம் விளைந்தது. கடவுளின் பெயரால் வாயிலில் நிறுத்தப்பட்ட ஒருவன், அப்பெயரையே வெறுப்பானாயின், அவனை நோக்கிப் புகையும் தீயும் காட்டி அனுமானங் கூறுதல் பயனற்றது. அவனுக்குரிய விடை, வாயிலைத் திறத்தலே.

மறுப்போர் கடமை

இனி, வாதம் நிகழ்த்தும் முறையை ஆராய்வாம். குண்டலகேசி பௌத்த நூல். அதனை மறுத்து எழுந்த சைனநூல் நீலகேசி. குண்டலகேசி முழுதும் நமக்குக் கிடைத்திலது. சில செய்யுட்களே எஞ்சின. அதன் வாதத்தை இன்று நாம் ஓரளவேனும் உணர்வது, அதனை மறுத்த நீலகேசியின் துணையாலேயே. உலோகாயதர் கொள்கையும் அத்தகையதே. தமிழில் அதனைப் பெரும்பாலும் மறுத்தோர் வாய்க் கேட்கின்றோம். தான் மறுக்கும் கொள்கைக்குத் தானே காவலனாக நேரிடும் என்பதை எந்த வாதியும் முன்னர் எண்ணியிரான். அவன் திரித்துக் கூறியிருப்பின், பின்வந்த நூற்றாண்டுகள் அத்திரிபையே மெய்யெனக் கொண்டிருக்கும்.

13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இருகூறாக்கினார். பரபக்கத்தில் உலோகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகள் வருகின்றன. முதற்கண் அவன் மதம் கூறப்படும். பின்னரே அதன் மறுதலை கூறப்படும். தம் சித்தாந்தத்தைச் சொல்லுமுன் பதினான்கு கொள்கைகளைக் கற்று எழுதிய அவ்வுழைப்பை எண்ணுமிடத்து வியப்பு மிகுகின்றது. நம்முள் ஒரு கொள்கையையேனும் அவ்வாறு கற்று மறுப்பவர் எத்துணையர்?

நீலகேசியில் ஒரு குறையும் காண்கின்றோம். பழையனூர்ப் பேயாகிய அவள், முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்து, அவர் உரையால் அறந்தெளிந்தவள். நூலின் இறுதியிற் பூதவாதியோடு வாதிடும்பொழுது, பேய் முதலியன உண்டென்று காட்டத் தன் பழைய கோரவடிவைக் கொண்டு அவனை நடுங்கச்செய்கின்றாள். கதை சுவையுடையதே, ஆயின் அச்சம் எவ்வளவையுள்ளும் அடங்குவதன்று. அஞ்சி உடன்பட்டவன் தெளிந்தவனல்லன். நரகாக்கினையைக் காட்டி மனந்திருப்ப முயலும் போதகர்க்கும், சிறைக்கூடத்தைக் காட்டிக் கோயில்களை அடைப்பித்த அரசுகளுக்கும் இது பொருந்தும்.

மிஷன் வரலாற்றிலும் நல்ல முறைக்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழரோடு பன்முறை உரையாடினார். அவரும் அவர் தோழரும் 1712 முதல் 1714 வரையில் தமிழர் எழுதிய விடைக்கடிதங்களைப் பெற்றுச் செர்மானிய மொழியிற் பெயர்த்தனுப்ப, அவை ஹாலே நகரத்தில் அச்சாயின. மறுபுறத்தில், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பார்சிவல் பாதிரியாரோடிருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவர். அவர் 1854-ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம், பாதிரிமார் பழித்த சைவச் சடங்குகளுக்கு ஒப்பானவற்றைப் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக்காட்டுகின்றது. அதன் முடிபுகளுக்கு யாம் உடன்படேம். ஆயினும் எம் வேதத்தை எம்மிற் பலரினும் நன்கு கற்றே எம்மை மறுத்தார் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவர்க்கு விடை கூற விரும்பும் கிறிஸ்தவன் சைவத்திருமுறைகளை அவ்வளவேனும் கற்றல் வேண்டும்.

முடிபு

வாதத்தால் ஒருவர் மனம் மாறுதல் அரிது. நம்பிக்கையும் நம்பாமையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றோடு, அன்பு, துயரம், அவமதிப்பு ஆகிய வாழ்க்கை நிகழ்ச்சிகளாலும் வேரூன்றுகின்றன. வாதமோ கருதலின் எல்லைக்குள் மட்டும் தொழிற்படுகின்றது. அத்தேனே பட்டணத்திற் பவுல் பேசியபொழுது சிலர் இகழ்ந்தனர். சிலர் பின்னர்க் கேட்போமென்றனர். தியொனீசியுவும் தாமரியும் வேறு சிலரும் விசுவாசித்தனர். பவுலே பேசியும் பயன் இவ்வளவாயின், நம் மாலைநேர வாதத்தில் எதிரி அன்றிரவே மனந்திரும்பவில்லையென்று வருந்துதல் எற்றுக்கு?

எனினும் வாதம் வீண் என்பது எம் கருத்தன்று. நாம் எவ்வளவையைக் கொண்டு எதனை நம்புகின்றோம் என்பதை அது நமக்கே தெளிவாக்குகின்றது. அயலான் நெஞ்சில் இருப்பதையும் ஓரளவு காட்டுகின்றது. ஆகவே நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தார்க்கு ஒரு விண்ணப்பஞ் செய்கின்றோம். சமயப்பொருள்பற்றி வாதம் நிகழும்பொழுது, மறுக்க எழுவோர் எதிரியின் கொள்கையை முதலில் எடுத்துரைப்பாராக. 'ஆம், யான் கூறியது இதுவே' என்று எதிரி ஒப்புக்கொண்ட பின்னரே மறுப்புத் தொடங்குவதாக. இவ்வொரு விதியினால் சொற்பொழிவுகளின் தொகை குறையலாம்; கேட்போர் அறிந்து செல்வது பெருகும் என்பது எம் துணிபு.