சீறும் நாயும் மறைந்த நோவும்

பிற நாயைக் கண்டதும் சங்கிலியை இழுத்துச் சீறும் நாயைப் பொல்லாதது என்கின்றோம், தடியெடுப்போரும் உளர். சீற்றத்தின் காரணத்தைக் குணத்திலே தேடுமுன் உடலிலே தேடுதல் முறையாகும்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட ஆராய்ச்சியொன்று 2018இல் வெளிவந்தது. பேரொலிக்கு அஞ்சும் 20 நாய்களுள் 10 தசையிலோ மூட்டிலோ நோவுடையவை, ஏனையவை நோவற்றவை. நோவுடையவற்றில் அச்சம் ஏறத்தாழ 4 ஆண்டு பிந்தியே தொடங்கியிருந்தது; பிற நாய்களை விலக்கும் இயல்பும் அவற்றிடம் காணப்பட்டது. திடுக்கிட்டு உடல் இறுகுங்கால் நோவு மிகுதலின், ஒலியும் நோவும் நாயின் மனத்தில் இணைந்துவிடும் என அவர்கள் கருதினர். ஆதலின், நெடுநாள் அமைதியாயிருந்து நடுவயதிற் சீறத் தொடங்கிய நாயை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுக. நொண்டாமையால் நோவில்லை என்று கொள்ளலாகாது. படியேறத் தயங்குதல், ஓரிடத்தையே நக்குதல், தொட்டவிடத்துச் சட்டெனத் திரும்புதல் ஆகியவை நோவைக் காட்டலாம். பல்லையும் காதையும் பலர் மறந்துவிடுகின்றனர். ஓரிரு நாளிலே குணம் முற்றும் மாறிய நாயிடத்து விசர் நோயையும் ஐயுறல் வேண்டும். அங்கே பயிற்சிக்கு இடமில்லை.

நோவு தீர்ந்தபின்னும் கற்ற அச்சம் எஞ்சி நிற்கும். பயிற்சி வேண்டுவது அப்பொழுதே. எதிர்நாய் கண்ணுக்குத் தெரிந்தும் சீற்றம் எழாத தூரத்தில் நம் நாயை நிறுத்தி, அது கண்ட கணமே இறைச்சித் துண்டொன்று கொடுக்க; எதிர்நாய் மறைந்ததும் நிறுத்துக. வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகத் தூரத்தைக் குறைக்கலாம். உறுமினால் அடித்தல் வேண்டா. உறுமல் நாயின் எச்சரிக்கை மொழி; அதனை அடக்கினால் எச்சரியாமற் கடிக்கும் நாயையே பெறுவோம். தூரம் போதவில்லையெனக் கொண்டு பின்வாங்குக.