தாம்பரத்துக்கு எத்தனை எழுத்து?

தா, ம், ப, ர, ம். ஐந்து எழுத்து. ஒண்ணாம் கிளாஸ் பையன்கூட சொல்லிடுவான். அதையே பைத்தானின் லென் ஃபங்ஷனுக்குக் கொடுங்க, 8 என்று வரும். ஸ்ட்ரிங்கைத் தலைகீழா திருப்பச் சொன்னா இன்னும் கூத்து. ‘ம்ரபம்தா’ வரணும். வர்றது, முன்னாடி ஒரு அநாதைப் புள்ளி, அப்புறம் ‘மரப்மாத’. நடுவில் இருந்த ம்-இன் புள்ளி ப மேல ஏறிக்கிச்சு, த-வோட கால் ம-வுக்குப் போயிடுச்சு.

பைத்தான் மேல தப்பில்லை. யூனிகோடில் தமிழுக்குக் கொடுத்த இடம் 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128 எண்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் அதில் கிடையாது. உயிர், அகரமேறிய மெய், சில கிரந்த எழுத்து, கால், கொம்பு, புள்ளி, இவ்வளவுதான். ‘தா’ என்பது த (2980), கால் (3006) என்று இரண்டு எண். ‘ம்’ என்பது ம (2990), புள்ளி (3021). கூட்டிப் பாருங்க, தாம்பரத்துக்கு 8 சரியா வரும்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? 1988-இல் இந்திய மொழிகள் எல்லாத்துக்கும் ஒரே வரிசை என்று இஸ்கி குறியீடு வந்தது. 1991-இல் யூனிகோட் அதே வரிசையை எடுத்துக்கிட்டது. இந்தியின் க 2325, நம்ம க 2965, வித்தியாசம் 640. ம-வுக்கும் அதே 640. இந்தியில் க-வுக்கு நாலு வகை இருக்கிறதால, நம்ம க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூணு எண் இன்னைக்கும் காலி. எண் வரிசைப்படி சார்ட் பண்ணினா ன-வுக்கு அப்புறம் ப வருதே, அதுக்கும் காரணம் இதுதான்.

அதுக்கு முந்தின காலம் இன்னும் மோசம். பாமினி ஃபான்ட்டில் ‘தாம்பரம்’ என்று அடிச்ச ஃபைலுக்குள்ள உண்மையில் இருப்பது ஜே, ஹெச், கே, அரைப்புள்ளி, ஜி, யு, கே, அரைப்புள்ளி. ஃபான்ட் போனா தமிழும் போச்சு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைப் பேசி முடிவு பண்ணினாங்க. டிஸ்கி என்று தன்னார்வலர்கள் உருவாக்கினது வேற. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. டேஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண், எண்ணுவதும் திருப்புவதும் சுலபம். எனக்கு அந்த அமைப்பு பிடிக்கும். ஆனா அது யூனிகோடின் ‘சொந்த உபயோக’ப் பகுதியில் இருக்கு, உங்க போனுக்குத் தெரியாது.

யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எண்ணுக்கு 3 பைட். பெருங்களத்தூர் என்றால் 8 எழுத்து, 14 எண், 42 பைட். டேட்டாபேஸில் யாரோ ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தா, ‘பெருங்’ வரை வந்து, க பாதியில் அறுபட்டு, கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்டா நிக்கும். எஸ்எம்எஸ்-இலும் இங்கிலீஷுக்கு 160 இடம், தமிழுக்கு 70.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியிற பிரச்சினை. தெரியாத ஒண்ணு இருக்கு, கௌதம், கௌசல்யா, சௌமியா எல்லாரும் கவனிங்க. ‘கௌ’வை ஔகாரக் குறியோடு (3020) அடிக்கலாம். சிலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தையே அடிச்சிடுவாங்க. பார்க்க இரண்டும் ஒண்ணு, உள்ளே எண் வேற. லிஸ்டில் பேர் இருக்கும், தேடினா ‘இல்லை’ என்று வரும். ஸ்ரீபெரும்புதூர் கதையும் இதுதான். ‘ஸ்ரீ’யை ஸ வெச்சும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வெச்சும் அடிக்கலாம். பல ஃபான்ட்டில் இரண்டும் ஒரே உருவம்.

நார்மலைசேஷன் பண்ணினா போதாதா? ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்சிருந்தா என்எஃப்சி சேர்த்து வைக்கும். ‘கெள’வைத் தொடாது, ஏன்னா ள உண்மையான எழுத்து. சரி, நாமே கொம்பு-ள வர்ற இடமெல்லாம் ஔகாரமா மாத்திடலாமா? வெள்ளி, கெளுத்தி மீன் எல்லாம் காலி. ள-வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தா விட்டுடு என்று ரூல் எழுதலாம். ‘வெளவால்’ சரியா வௌவால் ஆகும். ஆனா பேச்சுத் தமிழில் யாராவது ‘வெளங்கிடும்’ என்று எழுதியிருந்தா அது ‘வௌங்கிடும்’ ஆயிடும். உண்மையிலேயே வெளங்கிடும்.

அதனால் டேட்டாவை மாத்தாதீங்க. அடிச்சதை அடிச்சபடியே ஒரு காலத்தில் வெச்சுக்கிட்டு, பக்கத்தில் தேடுறதுக்கு மட்டும் இன்னொரு காலம் போடுங்க. அதில் ஶ-வை ஸ ஆக்கி, கொம்பு-ள-வை ஔகாரமாக்கி வையுங்க. தேடுற வார்த்தையையும் அதே ஃபங்ஷனில் விட்டு எடுங்க. எழுத்தை எண்ண ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கு, அது தாம்பரத்துக்கு 5 என்றே சொல்லும்.