புது வீடு: பூச்சுக்கு முன்பே முடிக்க வேண்டிய உள்வேலை முடிவுகள்

சொந்தமாக பிளான் போட்டு வீடு கட்டுகிறவர்கள் பலர், பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் இன்டீரியர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். அதற்குள் பாதி முடிவுகளை மேஸ்திரியும் எலக்ட்ரீஷியனும் எடுத்து முடித்திருப்பார்கள். செங்கல் சுவர் எழும்பி, பூச்சு வேலை தொடங்காமல் இருக்கும் நாட்கள்தான் டிசைனரோடு உட்காரச் சரியான நேரம். எங்களிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்பவை இவை.

1. ஒவ்வொரு அறையிலும் கட்டில், அலமாரி, மேஜை எல்லாவற்றையும் சாக்பீஸால் தரையில் அசல் அளவிலேயே வரைந்து பாருங்கள். பிளானில் எல்லாவற்றுக்கும் இடம் இருப்பது போலத்தான் தெரியும். 10 அடி அகல அறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க 2 அடி ஆழத்தில் அலமாரி, எதிர்ச்சுவரில் தலைமாடு வைத்து ஆறரை அடி நீளக் கட்டில் என்றால், நடுவே மிஞ்சுவது ஒன்றரை அடி. அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். அங்கே ஸ்லைடிங் கதவுதான் சரி. கட்டிலை வேறு சுவருக்கு மாற்றுவதென்றால் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

2. தலைமாடு தெற்கா, கிழக்கா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாஸ்துவில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். கிரகப்பிரவேசத்தன்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னால், டூ வே சுவிட்சும் போன் சார்ஜர் பாயின்ட்டும் கால்மாட்டில் போய் நிற்கும். சமைப்பவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதும் அப்படித்தான். அடுப்பு, சிங்க், சிம்னிக் குழாய் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

3. சமையல் மேடையின் உயரத்தை மேஸ்திரியின் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். தினமும் சமைப்பவரை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். நறுக்குவதற்கும் மாவு பிசைவதற்கும் அந்த உயரம் தோதாக இருக்கும். இதில் ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தரை போடுவதற்கு முன் அளந்தால், பின்னால் வரும் கலவையும் டைல்ஸும் தரையை இரண்டு, மூன்று அங்குலம் உயர்த்திவிடும். மேடை அந்த அளவுக்குத் தாழ்ந்துபோகும். டைல்ஸ் மட்டத்தைச் சுவரில் நூல் பிடித்துக் குறித்துவிட்டு, அங்கிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

4. இணையத்தில் பார்த்த வெளிநாட்டுச் சமையலறைப் படங்களைக் காட்டி அதே மாதிரி கேட்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் கிரைண்டர் இருக்காது, இட்லிக் குண்டான் இருக்காது, அரிசி மூட்டை இருக்காது. உங்கள் வீட்டில் இருக்கும் பாத்திரம், சாமான்களை எழுதிக் கொடுங்கள். குறிப்பாக கிரைண்டருக்கு நிரந்தரமான ஓர் இடமும் பக்கத்திலேயே பிளக் பாயின்ட்டும் வேண்டும். தூக்கி வைத்து இறக்கும் சாமான் அல்ல அது. வாட்டர் பியூரிஃபயர் இருந்தால், அதன் கழிவு நீருக்கும் ஒரு குழாய் விடச் சொல்லுங்கள்.

5. காஸ் சிலிண்டரை மேடைக்கு அடியில் காற்றுப் புகாத அலமாரிக்குள் அடைத்து வைப்பது ஆபத்து. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தங்கும். அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்கு ஜாலி வையுங்கள். சிலிண்டரை வெளியே வைத்து காப்பர் பைப் மூலம் உள்ளே கொண்டுவருவதென்றால், காஸ் ஏஜென்சியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

6. சிங்க்குக்கு அடியில் எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் ஊறி உப்பிவிடும். அங்கே ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். படுக்கையறை அலமாரிகளுக்கு ஐஎஸ் 303 போதும். பலகை இறங்கும்போதே முத்திரையைப் பாருங்கள். லேமினேட் ஒட்டிய பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

7. டைல்ஸ் பெட்டிகளில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிட்டிருக்கும். ஒரு ஹாலுக்கு இறங்கும் பெட்டிகள் எல்லாவற்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். ஒட்டி முடித்ததும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றாகச் சத்தம் வரும் இடத்தில் அடியில் கலவை சரியாகப் பரவவில்லை என்று அர்த்தம். மேஸ்திரி கணக்கு முடிப்பதற்குள் அதைப் பெயர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

8. பெயின்ட் நிறத்தைச் சின்ன அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். 3000 கெல்வின் விளக்கில் சந்தன நிறம் மஞ்சள் தட்டும்; 6500 கெல்வினில் வெளிறித் தெரியும். படுக்கையறைக்கு 3000, சமையலறைக்கு 4000 என்பது என் விருப்பம். கூரையில் மட்டும் விளக்கு இருந்தால், நறுக்கும் பலகை மேல் நம் தலை நிழலே விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு பட்டை எல்இடி போதும்.

9. ஏசி, லாஃப்ட், திரைச்சீலைக் கம்பி மூன்றும் ஒரே சுவருக்குப் போட்டி போடும். மூன்றையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயைச் சுவருக்குள்ளேயே சரிவாகப் பதித்துவிடலாம்.

10. குளியலறைக் கதவை வழக்கமான இரண்டரை அடியில் வைக்காமல் 3 அடியாக வையுங்கள். இரண்டரை அடியில் நிலைச்சட்டம் போக மிஞ்சும் இடத்தில் சக்கர நாற்காலி நுழைவது கஷ்டம். வீட்டில் வயதானவர் இப்போது இல்லையே என்றால், நாளைக்கு நீங்கள்தான். தரைக்கு வழவழப்பில்லாத டைல்ஸ்.

11. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு அவசரப்படாதீர்கள். ஓர் ஐப்பசி மழை போகட்டும். கசிவு இருந்தால் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மறைந்து, கறை வெளியே வரும்போதுதான் தெரியும்.

12. பூச்சு வேலைக்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, வயர் பைப்பும் தண்ணீர்க் குழாயும் தெரியும்படி போட்டோ எடுங்கள். அறைப் பெயரையும் சுவரின் திசையையும் காகிதத்தில் எழுதிப் படத்துக்குள் வரும்படி வையுங்கள். பிறகு ஆணி அடிக்கவோ டிவி மாட்டவோ வருகிறவரிடம் முதலில் இந்தப் படங்களைக் காட்டிவிட்டு, அதன் பிறகே டிரில்லிங் மெஷினைத் தொட விடுங்கள்.