டிக் போட்டேன், ‘யூ’ வந்தது: பி.டி.எஃப்-இல் குறியீட்டு எழுத்துருக்கள்

இந்த வார எபிசோடில் எழுத்துருக்களைப் பற்றி மேலோட்டமாப் பேசினோம். ஒலியில் காட்ட முடியாத ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அதை இங்கே படிப்படியா எழுதுகிறேன். நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

யாங்கோனில் ஒரு சின்ன கிளினிக்குக்கு மருத்துவப் பரிசோதனைப் படிவம் செய்து கொடுத்தேன். காசநோய், மஞ்சள் காமாலை என்று ஒரு பட்டியல். ‘உண்டு’ என்றால் டிக், ‘இல்லை’ என்றால் பெருக்கல் குறி. ரெண்டையும் விங்டிங்ஸ் எழுத்துருவில் போட்டேன். இங்கே கரண்டும் டேட்டாவும் எப்போ போகும்னு தெரியாது. ஃபைல் சின்னதா இருக்கட்டும்னு, பி.டி.எஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பொதிக்கும் வசதியை அணைத்துவிட்டேன். என் லேப்டாப்பில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

சில மாதம் கழித்து சித்தி மகன் போன் பண்ணினான். மலேசியா வேலைக்கு அதே கிளினிக்கில் பரிசோதனை முடித்திருந்தான். “அண்ணே, ரிப்போர்ட்ல எல்லாத்துக்கும் ‘யூ’ன்னு போட்டிருக்கு. எனக்கு நோய் இருக்கா, இல்லையா? ஏஜென்ட் வாங்க மாட்டேங்கிறாரு. நாளைக்குத்தான் கடைசி நாள்.”

ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்ததும் வயிறு கலங்கிப் போச்சு. சில வரியில் தலையில் ரெண்டு புள்ளி வைத்த ‘யூ’, மற்ற வரிகளில் தொப்பி வைத்த ‘யூ’. போன் திரையில் ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரிந்தது. நோய் உண்டா இல்லையா என்பது அந்தப் புள்ளியில் நின்றது.

ஏன் இப்படி ஆச்சு?

கணினிக்கு எழுத்து என்பது ஒரு எண். சாதாரண எழுத்துருவில் 252 என்றால் புள்ளி வைத்த ‘யூ’, 251 என்றால் தொப்பி வைத்த ‘யூ’. விங்டிங்ஸ் 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்தது. அது அந்த இடங்களில் படங்களை வைத்துக்கொண்டது. 252-இல் டிக், 251-இல் பெருக்கல் குறி. எழுத்துரு கூடவே இருந்தால் படம் தெரியும். இல்லாவிட்டால், பி.டி.எஃப் திறக்கும் செயலி கையிலிருக்கும் வேறு எழுத்துருவைப் போடும். அப்போ ‘யூ’ வரும். சில நேரம் வெறும் கட்டம் வரும்.

இது நமக்குப் புதுசு இல்லை. அப்பா, அம்மா காலத்து பாமினி ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருமே, அதே நோய்தான். தமிழ் உருவத்தை ஆங்கில எழுத்தின் எண்ணில் ஒட்டி வைத்திருந்தார்கள். பர்மிய மொழிக்கு ஜவ்ஜி வேறு மாதிரிச் சிக்கல். யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய எண்களையே எடுத்து, தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. ஷான், மோன், கரென் மொழிகளின் எழுத்துக்கான இடங்களிலும் உட்கார்ந்துகொண்டது. 2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்து நாடே மாற வேண்டியதாயிற்று. இதை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த நானே விங்டிங்ஸில் போய் விழுந்தேன், பாருங்க.

உங்க ஃபைலைச் சோதிப்பது எப்படி?

1. அடோபி ரீடரில் ஃபைல், பிராபர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் என்று போங்க. ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்கணும். இல்லையென்றால் அது உள்ளே இல்லை. சப்செட் என்றால் பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பொதித்தது. அதனால் ஃபைல் பெரிதாக வீங்காது. நான் பயந்தது வீண்.

2. டிக்கை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. டிக்காகவே விழுந்தால் நல்லது. பார்வைக்கு டிக், ஒட்டினால் வேறு ஏதோ என்றால் உள்ளே இருக்கும் எண் சரியில்லை. தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலியும் தப்பாகச் சொல்லலாம்.

சரிசெய்வது எப்படி?

1. விங்டிங்ஸை விடுங்க. டிக்குக்கு யூனிகோடில் சொந்த எண் இருக்கு. எம்.எஸ். வேர்டில் 2713 என்று அடித்து, ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்க. பெருக்கல் குறிக்கு 2717. எழுத்துரு: சேகோ யூ.ஐ. சிம்பல் அல்லது டேஜாவு சான்ஸ்.

2. பி.டி.எஃப் ஆக்கும்போது எல்லா எழுத்துருவையும் பொதியுங்க. யூனிகோட் எண் போட்டாலும் இது வேணும்.

3. மூல ஃபைல் கையில் இல்லையா? அந்த எழுத்துரு உள்ள கணினியில் பி.டி.எஃப்-ஐத் திறந்து, அச்சிடும் பெட்டியில் அட்வான்ஸ்டு போய் ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ கொடுங்க. தேட முடியாது, ஆனா காகிதத்தில் சரியாக வரும்.

4. அனுப்பும் முன் வேறொரு போனில் திறந்து பாருங்க. செய்த கணினியில் மட்டும் பார்ப்பது சோதனையே இல்லை.

அன்று ராத்திரி கரண்ட் வந்ததும் படிவத்தை மாற்றினேன். குறியோடு சேர்த்து ‘உண்டு’, ‘இல்லை’ என்று வார்த்தையாகவும் வரும்படி வைத்தேன். காலையில் கிளினிக்கில் புது ரிப்போர்ட் எடுத்தான், ஏஜென்ட் வாங்கிக்கொண்டார். ஆனா அந்தச் சில மாதத்தில் பழைய படிவத்தோடு போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர். கிளினிக்கில் உண்மையைச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் புது ரிப்போர்ட் அனுப்ப ஒரு வாரம் உட்கார்ந்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை.

இந்த வார வீட்டுப்பாடம்: நீங்க கடைசியா அனுப்பிய பி.டி.எஃப்-ஐத் திறந்து ஃபான்ட்ஸ் பக்கத்தைப் பாருங்க. ரெஸ்யூமேயா இருந்தா இன்னைக்கே பாருங்க.