சூரியனைப் பார்க்கப் போகும் மகளுக்கு

மகளே, பணம் சேர்த்து வைத்திருக்கிறாய், டெலஸ்கோப் வாங்கியதும் முதலில் சூரியனைத்தான் பார்க்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல ஆசை. இரவு வானம் பார்ப்பவர்களுக்கு ஊர் வெளிச்சம் பெரும் தொல்லை. சூரியனுக்கு அது கிடையாது. ஒரு மொட்டைமாடி போதும். மேற்பரப்பில் நடப்பதை நம் கண்ணாலேயே நாளுக்கு நாள் தொடர்ந்து பார்க்க முடிகிற நட்சத்திரம் அது ஒன்றுதான். ஒரு நொடிக் கவனக்குறைவில் பார்வையைப் பறித்துவிடக் கூடியதும் அதுதான். கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடு.

1. முதலில் ஃபில்டரை முடிவு செய். டெலஸ்கோப் அதற்குப் பிறகு. ஃபில்டர் குழலின் முன்வாயில் இருக்க வேண்டும். வெளிச்சம் உள்ளே நுழையும் முன்பே அது ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட வேண்டும். பாடர் நிறுவனத்தின் அஸ்ட்ரோசோலார் ஃபிலிம் பலரும் நம்பி வாங்குவது. அதன் உறையில் அடர்த்தி 5.0 என்று இருக்கிறதா என்று பார். 3.8 என்று இருந்தால் அது படம் எடுக்க மட்டும், கண்ணுக்கு ஆகாது. சட்டத்தில் பொருத்தும்போது ஃபிலிம் கொஞ்சம் சுருங்கி, அலையலையாகக் கிடக்கும். பதறாதே. அதை இழுத்து விறைப்பாக ஒட்டினால்தான் பிம்பம் கெடும்.

2. மலிவான டெலஸ்கோப் பெட்டிகளில் சில சமயம், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் திருகி மாட்டும் கரும்பச்சை வில்லை ஒன்று வரும். ‘சன்’ என்று அதில் எழுதியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடு, யாருக்கும் கொடுத்துவிடாதே. லென்ஸ் குவித்த வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் வந்து விழுகிறது. ஒரு பள்ளி மைதானத்தில் அது வெடித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ‘டிக்’ என்று மட்டும் கேட்டது. வரிசையில் நின்ற பையன் அப்போதுதான் அடுத்தவனுக்கு இடம் விட்டு விலகியிருந்தான். கழற்றிப் பார்த்தால் வில்லையின் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல்.

விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுகிறது என்று அது சொல்லாது. பார்வையின் நடுவில் மங்கல் விழுவது சில மணி நேரம் கழித்துத்தான் புரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று நம் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். இங்கே அது அப்படியே உண்மை. எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம். கிரகணக் கண்ணாடியும் வெறும் கண்ணுக்குத்தான். அதை மாட்டிக்கொண்டு டெலஸ்கோப்புக்குள் பார்த்தால் ஃபிலிம் பொசுங்கிவிடும், பின்னாலேயே கண்ணும்.

3. பெரிதாக வாங்காதே. இரவில் அள்ள வெளிச்சம் போதாது, அதனால் அகன்ற வாய் தேவை. பகலிலோ வெளிச்சம் வேண்டிய மட்டும் கொட்டிக் கிடக்கிறது. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் காற்றின் கொதிப்புதான் தடை. நாலு அங்குலத்துக்கு மேல் போனாலும் அந்தக் கொதிப்பு பெரும்பாலான நாட்களில் கூடுதலாக எதையும் காட்ட விடாது. முன்னால் லென்ஸ் உள்ள ரிஃப்ராக்டர் வகையில், 60 முதல் 80 மில்லிமீட்டர் வாய் உனக்குப் போதும். குவியத் தூரம் 900 மி.மீ. என்றால் 20 மி.மீ. ஐபீஸ் போட்டதும் 45 மடங்கு. சூரிய வட்டம் முழுவதும் அதில் அடங்கும். சூரியப் புள்ளிகளை எண்ணும் முறையை 19ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய ருடால்ஃப் வோல்ஃப், சூரிச்சில் 80 மி.மீ. டெலஸ்கோப்பை 64 மடங்கில் வைத்துத்தான் எண்ணினார். அந்த எண்ணிக்கை இன்றும் தொடர்கிறது.

4. மிச்சமாகும் பணத்தை முக்காலியில் போடு. விரல் பட்டதும் நடுங்கும் முக்காலியில் எந்த லென்ஸும் வீண்.

5. பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழ வைத்துப் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாம். 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் கேரிங்டன் இங்கிலாந்தில் அப்படித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சூரியச் சுடர்வீச்சு ஒன்றை முதன்முதலாகக் கண்டார். ஆனால் இந்த முறையில் முன்னால் ஃபில்டர் கிடையாது. ஐபீஸிலிருந்து வெளிவருவது முழு வெயில். சாதாரண ரிஃப்ராக்டரில் மட்டும் செய். மாக்சுடோவ் போன்ற மூடிய குழல்களில் வெப்பம் உள்ளேயே தங்கி உறுப்புகளைக் கெடுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர் ஒருவர் குழலைவிட்டு அசையக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போவதானாலும் மூடியைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

6. விளிம்பில் எழும் தீ நாக்குகளைக் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா டெலஸ்கோப்பைக் கண்டால் மனம் அலையும். 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் மெல்லிய கீற்றாகப் பிரித்துத் தரும் அற்புதக் கருவிதான். 40 மி.மீ. சின்னதே விலை பல மடங்கு. ஒரு வருடம் ஃபிலிம் வழியே தெரியும் வெள்ளொளியில் பழகு. பிறகு கேள், நானும் பணம் போடுகிறேன்.

7. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய். ஃபிலிமை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா பார். குழலில் மாட்டி, காற்று தட்டிவிடாதபடி டேப் ஒட்டு. ஃபைண்டரைக் கழற்றிவிடு, அந்தச் சின்னக் குழலும் கண்ணைச் சுட்டுவிடும். சூரியனைத் தேட ஃபைண்டர் எதற்கு? தரையில் விழும் குழலின் நிழல் எப்போது ஆகச் சிறிதாகிறதோ, அப்போது குழல் சூரியனை நோக்கி நிற்கும். இதில் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையில்லை. பொறுமையுள்ளவர்களுக்குத்தான் சூரியன். கூட்டம் கூடி “சீக்கிரம், சீக்கிரம்” என்னும்போதுதான் ஃபிலிமைச் சரிபார்க்க மறப்பார்கள். கிரகணம் முடிந்தால் முடியட்டும் என்று நிற்கக் கற்றுக்கொள். 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரியும். அன்றைக்கு உன் மாடிக்கும் கூட்டம் வரும்.

8. தினமும் பார். இது எல்லாவற்றையும்விட முக்கியம். காலையில், தரை சூடேறும் முன் கால் மணி நேரம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. ஒரு நூற்றாண்டுச் சூரியனை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். ஜெர்மனியின் டெஸ்ஸாவ் ஊரில் ஷ்வாபே என்ற மருந்துக் கடைக்காரர், புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்குமோ என்று தேடி, 1826 முதல் சூரியப் புள்ளிகளைக் குறித்து வந்தார். கோள் கிடைக்கவில்லை, புள்ளிகள் ஏறி இறங்கும் சுழற்சி கிடைத்தது. ஜப்பானில் ஹிசாகோ கோயாமா அப்பா வாங்கித் தந்த சின்ன டெலஸ்கோப்பில் தொடங்கி, பிறகு டோக்கியோ அருங்காட்சியகத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் புள்ளிகளை வரைந்தார். அவருடைய தாள்கள் இன்று ஆராய்ச்சியாளர்களின் கையில் இருக்கின்றன.

நீயும் 15 செ.மீ. வட்டம் போட்ட தாள்களை வைத்துக்கொள். ஒவ்வொரு புள்ளியின் கறுத்த நடுவையும் சாம்பல் நிற ஓரத்தையும் பென்சிலால் தனித்தனியே வரை. ஒரு விளிம்பில் தோன்றும் புள்ளி மறு விளிம்பில் மறைய இரண்டு வாரம் போல ஆகும். அதற்கு முன்பே கரைந்து போவதும் உண்டு. தேதி, நேரம், ஐபீஸ், காற்றின் நிலை எல்லாவற்றையும் ஓரத்தில் எழுது. புள்ளியே இல்லாத நாளில் 0 என்று எழுது. மேகத்தால் பார்க்க முடியாத நாளில் ‘மேகம்’ என்று எழுது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே.