காரீயம் போன்றதொரு கனிமம்

மொன்றியல் ஜான்-டலோன் சந்தையிலே போஞ்சி வாங்குகின்றோம். போஞ்சிச் செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக்க மொலிப்டினம் என்னும் உலோகம் சிறிதளவேனும் வேண்டும். அவ்வுலோகத்தின் முதன்மைத் தாது, கந்தகத்துடன் சேர்ந்த மொலிப்டினைட் என்னும் சல்பைட்டுக் கனிமமாகும்.

இது மென்மையானது, ஈயச்சாம்பல் நிறத்தது, தாளிலே கீறும். ஆதலால் முன்னோர் இதனைப் பென்சிற் காரீயமென மயங்கினர். 1778இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே இரண்டும் வேறெனக் காட்டினார். காரீயத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.2, இதனதோ 4.7.

கியூபெக் மாகாணத்துக் குயோனில் முதலாம் உலகப்போர்க் காலத்தில் எஃகை வலுப்படுத்த இது அகழப்பட்டது. தமிழ்நாட்டின் அரூர்ப் பகுதியிலும் உண்டு.

பிள்ளைகளே, நிறங்கண்டு முடிவு செய்யாதீர்; நிறுத்துப் பார்த்து அறிவீர்.