சொத்து வரி: மேல்முறையீட்டுக் கெடு தவறிய பின்



சொத்து வரி மேல்முறையீட்டுக்குக் குறித்த கெடு தவறினால் போய்விடுவது ஒன்றுதான்: வீட்டுக்கு அதிகாரி போட்ட மதிப்பு அதிகம் என்று வாதாடும் எளிய வழி. அளவிலோ பயன்பாட்டிலோ பெயரிலோ நேர்ந்த பிழையைத் திருத்தச் சொல்லும் உரிமை அதோடு சேர்ந்து போவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமலே பலர் அதிக வரியை ஆண்டுக்கணக்கில் கட்டிவருகிறார்கள்.

நம் தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என ஆறு நகராட்சிகளும், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம் போன்ற பேரூராட்சிகளும் உள்ளன. வரி விதிப்பில் குறை இருந்தால் முதல் மனு நகராட்சியில் ஆணையருக்கும் பேரூராட்சியில் செயல் அலுவலருக்கும் போகும். அதற்கு மேல் மன்ற உறுப்பினர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு உண்டு. அதன் பிறகு நீதிமன்றம். கிராம ஊராட்சியில் வீட்டு வரி 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வருவதால் அங்கே வழி வேறு.

கெடு உண்மையிலேயே தவறியதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கெடு நாள், வரிவிதிப்பு அறிவிப்பு உரிமையாளருக்குச் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்ட வேலைக்காகக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் ஏராளம். பூட்டிய கதவில் ஒட்டிய தாள் அவர்கள் திரும்புவதற்குள் மழையில் கிழிந்துபோகும். கதவில் ஒட்டுவது சட்டப்படி போதுமானதாகலாம். மலையேறி உழைப்பவருக்கு அது நியாயமான தகவல் ஆகாது. அறிவிப்பு எந்தத் தேதியில், யார் கையில், எந்த முறையில் சேர்ப்பிக்கப்பட்டது என்பதற்கான பதிவின் நகலை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வரி விதிப்புப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கான பக்கத்தின் நகலையும் அதே மனுவில் கேட்பது நல்லது. சேர்ப்பித்ததற்குச் சான்று இல்லையென்றால், கெடு இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்றே வாதிடலாம்.

அறிவிப்பு முறையாகச் சேர்ந்திருந்தாலும் பிழைத் திருத்தம் கேட்கலாம். 2008க்குப் பிறகு நகராட்சி, பேரூராட்சிகளில் திருத்தப்படாமல் இருந்த வரி 2022 ஏப்ரலில் உயர்ந்தபோது, குடியிருப்புகளுக்கான உயர்வு பரப்பளவைப் பொறுத்து அமைந்தது. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதம். 1,190 சதுர அடி வீட்டை 1,210 என்று பதிந்திருந்தால், 1,000 ரூபாய் வரி 1,500க்குப் பதில் 1,750 ஆகியிருக்கும். பின்னால் வந்த உயர்வுகளும் அந்தத் தவறான தொகையின் மேலேயே ஏறும். எப்போதோ மூடிய முன்பக்கக் கடை இன்னும் வணிகக் கணக்கில் இருப்பது, ஏலக்காய் வைத்திருந்த அறை குடியிருப்பாக மாறியும் கிட்டங்கியாகவே நீடிப்பது, இடித்த பகுதிக்கும் வரி வருவது, ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண் இருப்பது எல்லாம் இந்த வகைப் பிழைகளே. இவற்றுக்கு மேல்முறையீடு தேவையில்லை. கட்டட அனுமதி வரைபடம், பத்திர நகல், மின் கட்டண அட்டை, வீட்டின் படம் ஆகியவற்றை இணைத்து, நேரில் வந்து மறு அளவீடு செய்யுமாறு ஆணையருக்கு எழுதிக் கேட்கலாம். தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. பில் கலெக்டரிடம் வாய்மொழியாகச் சொல்வது எந்தக் கோப்பிலும் ஏறாது.

மதிப்பையே எதிர்ப்பவர் தாமத மன்னிப்பு மனுவோடு மேல்முறையீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு போதிய காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்க இடம் தருகிறது. ஆனால் அது நீதிமன்றங்களுக்கானது. நீதிமன்றம் அல்லாத தீர்ப்பாயங்களுக்கு அது தானாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் எம்.பி. ஸ்டீல் வழக்கில் சொன்னது. ஆகவே குழுவின் முன் மன்னிப்பு கிடைப்பது அந்தந்த விதி தரும் அதிகாரத்தைப் பொறுத்தது. மருத்துவமனைச் சீட்டு, வெளியூரில் வேலை செய்ததற்கான சான்று போன்றவற்றோடு, தாமதமான ஒவ்வொரு காலத்துக்கும் காரணம் சொல்லும் மனுவுக்கே வலு உண்டு. ‘தெரியாமல் இருந்துவிட்டேன்’ என்ற ஒற்றை வரி நிற்காது.

கடைசி வழி, அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. தேனி மாவட்டத்துக்கு அது 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில்தான். கெடு தவறியதை ஈடுகட்ட மட்டுமே ரிட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதை 2020இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அறிவிப்பே தராமலோ விசாரிக்காமலோ, அதிகாரம் இல்லாதவராலோ வரி போடப்பட்டிருந்தால் நிலை வேறு. அப்படிப்பட்ட மீறல்களில் மாற்று வழி இருப்பது ரிட்டுக்குத் தடையாகாது என்பது 1998ஆம் ஆண்டின் வேர்ல்பூல் தீர்ப்பு. வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர் தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு.

பிழைக்கும் மதிப்புக்குமான இந்த வேறுபாடு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொதுவாக மே 15 எதிர்ப்பு மனுவுக்குக் கெடு. அது கடந்தாலும் எழுத்துப் பிழையையும் இரட்டை வரியையும் முந்தைய ஐந்து ஆண்டுகள் வரை திருத்தக் கேட்கலாம்.

மனு நிலுவையில் இருப்பதால் வரி நின்றுவிடாது. கட்டாமல் விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி சேரும். குடிநீர் இணைப்புத் துண்டிப்பு, ஜப்தி வரை போகலாம். ‘ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்’ என்று தனிக் கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுவதே பாதுகாப்பு. அதிகமாகக் கட்டியதை வரும் அரையாண்டுகளில் வரவு வைக்குமாறும் அந்தக் கடிதத்திலேயே கேட்கலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் ஒவ்வொரு அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது கோப்பை நகர்த்த உதவும். அது மேல்முறையீடு ஆகாது. அதன் பதிலுக்குக் காத்திருந்த நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துத் தரவும் மாட்டார்கள். அடுத்த பொதுச் சீராய்வு வரும்போதோ கட்டடத்தை மாற்றும்போதோ புதிய அறிவிப்பு வரும். அதற்கு எதிராக முழுக் கெடுவும் புதிதாகக் கிடைக்கும். வெளியூரில் இருப்பவர்கள் அதற்குள் வரிவிதிப்புப் பதிவில் தங்கள் கைப்பேசி எண்ணையும் இப்போதைய முகவரியையும் சேர்த்து, அந்தப் பதிவின் நகலை வாங்கி வைத்திருக்க வேண்டும்.